கேமராவோடு சிவகாசிக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு



புரட்டாசி பிறந்துவிட்டால் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் உங்களை அடையாளம் கண்டுகொள்வது எளிது. முதுகில் கறுப்புப் பை, கையில் தண்ணீர் பாட்டில், நடையில் அவசரம். விஸ்காம் படிக்கிறவர்கள், பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்தவர்கள், போட்டிக்குப் படம் அனுப்புகிறவர்கள். டீக்கடையில் நின்று பட்டாசு ஃபேக்டரிக்கு வழி கேட்பீர்கள். ஊர்க்காரர்களுக்கு அது பட்டாசாபீஸ். கையெல்லாம் மருந்தாகத் திரும்பி வருகிற பெண்ணும் காலையில் "ஆபீசுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருப்பார்.

நீங்கள் எடுக்கப்போகும் படம் எது என்று எனக்கு இப்போதே தெரியும். அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளியாக மின்னும் ஒரு முகம். அதற்குப் பக்கத்தில் அடுக்கிய பட்டாசுப் பெட்டிகள். பெட்டி லேபிளில் கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற கொழுகொழுக் குழந்தை, இல்லாவிட்டால் இந்தி நடிகை. இந்தப் பக்கம் உழைப்பு, அந்தப் பக்கம் கொண்டாட்டம். இந்த வட்டாரத்தில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணமும் காதுகுத்தும் எடுத்துப் பிழைக்கிறவன் நான். அந்தப் படத்தைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

அது பொய்ப் படம் இல்லை. முதன்முதலில் எடுத்தவர் யாரோ, அவருக்கு நல்ல கண். என் குறையெல்லாம், ஊருக்கு வந்து சேரும் முன்பே நீங்கள் அதை எடுத்து முடித்துவிடுகிறீர்கள் என்பதுதான். ரயில் ஏறும்போதே கட்டம் போட்டாகிவிட்டது. இறங்கியதும் அந்தக் கட்டத்தில் உட்கார ஒரு முகம் தேடுகிறீர்கள். யார் முகமானாலும் சரி. யார் முகமானாலும் சரி என்றால், அதற்கு போர்ட்ரெய்ட் என்று எப்படிப் பெயர் வைக்கிறீர்கள்?

இந்த ஊர் முரணை இலவசமாகத் தருகிற ஊர். மழையை நம்ப முடியாத கரிசல் காடு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். பட்டாசு வந்தது, அதற்கும் லேபிள். மிஷின் சும்மா கிடக்கலாமா? காலண்டர், டைரி, நோட்டு என்று அச்சுத்தொழில் பெருகியது. பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் இங்கே அச்சாகி நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் ஏறினார்கள். இன்றைக்கும் ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டருக்கான ஆல்பம் வெளியாகிறது. ஆக, மருந்து கலக்குகிற கையும் முகங்களை அச்சடிக்கிற மிஷினும் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருக்கின்றன. அச்சில் வரும் முகம் நான்கு வண்ணத்தில், ஒரு மரு கூட இல்லாமல் இருக்கும். ஆபீசிலிருந்து வரும் முகத்தில் தூசி இருக்கும். இரண்டையும் ஒரே ஃப்ரேமுக்குள் கொண்டுவரப் பெரிய திறமை வேண்டாம். இடப்பக்கம் இரண்டடி நகர்ந்தால் போதும். இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதாலேயே எனக்கு அதன் மேல் சந்தேகம்.

மார்கரெட் பர்க்-வைட் 1937-ல் எடுத்த படத்தை வகுப்பில் காட்டியிருப்பார்கள். பெரிய விளம்பரப் பலகையில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று நாயோடு காரில் போகிறது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத்தரம் அமெரிக்காவுடையது என்று பலகை சொல்கிறது. அதன் கீழே பையும் வாளியும் ஏந்தி வரிசையில் நிற்கிறார்கள் கறுப்பின மக்கள். முரண் என்றால் என்ன என்று கேட்கிறவருக்கு இந்த ஒரு படத்தை நீட்டினால் போதும். ஆனால் அந்த வரிசை எதற்காக? கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் ஒஹையோ ஆறு பெருகி ஊரை மூழ்கடித்தது. நிவாரணம் வாங்க நின்றவர்கள் அவர்கள். லைஃப் பத்திரிகை வெள்ளச் செய்தியோடுதான் அதை வெளியிட்டது. பிறகு படம் தனியாக ஊர் ஊராகப் போனபோது வெள்ளம் வடிந்துவிட்டது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களின் வரிசை என்றே பலரும் அதைப் படித்தார்கள், இன்னும் படிக்கிறார்கள். பலகை அவ்வளவு உரக்கப் பேசியதில், வரிசையில் நின்றவர்களிடம் கேட்க யாருக்கும் ஒரு கேள்வி கூட மிஞ்சவில்லை.

உங்கள் வெள்ளி முகத்துக்கும் இதே கதிதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான், சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது என்று சொன்னபோது ஊரே கலங்கியது. பேரியம் நைட்ரேட்டை இங்கே பச்சை உப்பு என்பார்கள். வானத்தில் பச்சையாகப் பூக்கிறதே, அது இதன் வேலை. அந்த நேரத்தில் பட்டாசே கூடாது என்பவர் அந்த முகத்தைப் போடலாம். பட்டாசு போனால் இவள் எங்கே போவாள் என்பவரும் அதே முகத்தைப் போடலாம். இரண்டுக்கும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். அந்த முகத்துக்கு உரியவர் என்ன நினைக்கிறார் என்பது படத்தில் எங்குமே இல்லை, அதனால்தான் பொருந்துகிறது.

முரணே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மோனை, எதுகையோடு முரணையும் தொடையாகச் சொன்ன தொல்காப்பியத்தை வைத்திருக்கிறவர்கள் நாம். முரண் தொடையில் எதிரெதிரே நிற்கும் இரண்டும் தத்தம் பொருளோடு நிற்கும். ஒன்றைத் தூக்கிக் காட்ட இன்னொன்று திரைச்சீலையாகப் போய்விடுவதில்லை. படத்திலும் அப்படி நிற்கவைக்க முடியும். கார்டன் பார்க்ஸ் 1942-ல் வாஷிங்டனில், அரசு அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் எல்லா வாட்சன் என்ற பெண்ணை எடுத்தார். பின்னால் அமெரிக்கக் கொடி, கையில் துடைப்பம், பக்கத்தில் தரை துடைக்கும் மாப். கிராண்ட் வுட் 1930-ல் வரைந்த அமெரிக்கன் காதிக் ஓவியத்தைக் குத்திக்காட்டி அமைத்த படம். அதுவும் யோசித்து நிறுத்திவைத்த முரண்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் நிறுத்திவைக்கும் முன் பார்க்ஸ் வாட்சனின் கதையை அவர் வாயாலேயே கேட்டிருந்தார். எடுத்த பிறகும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பவில்லை. வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போகையில் கூடவே போனார். பேரப்பிள்ளைகளோடு, சர்ச்சில், தெருவில் என்று வாரக்கணக்கில் எடுத்தார். அந்த வரிசை முழுவதையும் பார்த்துவிட்டு மறுபடி கொடிப் படத்துக்கு வாருங்கள். கண் கொடியில் நிற்காது, அந்த அம்மாவின் முகத்தில்தான் போய் நிற்கும்.

வாஷிங்டன் வரை போக வேண்டாம். மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர் எம். பழனி குமார் இருக்கிறார். கக்கூஸ் ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், பாரி (PARI) இணையதளத்துக்காகத் தமிழ்நாடு முழுக்க உழைக்கிறவர்களின் முகங்களை எடுக்கிறவர். மீன் விற்ற தன் அம்மாவை வருடக்கணக்கில் தொடர்ந்து எடுத்தவர். அவருடைய போர்ட்ரெய்ட்களில் நிற்கிறவர்கள் கேமராவை நேருக்கு நேர் பார்ப்பார்கள். பார்வையில் கெஞ்சல் இருக்காது. எப்படி வந்தது என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள். நான் சொல்லித் தருவதைவிட அது நல்லது.

சரி, நம் வேலைக்கு வருவோம். முதலில் வெளிச்சம். அலுமினியப் பவுடர் கேமரா மீட்டரை ஏமாற்றிவிடும். பளபளப்பைக் கண்டதும் வெளிச்சம் கூடிவிட்டது என்று எண்ணி அது படத்தை இருட்டாக்கும். தூள் படாத கண்குழியும் கழுத்தும் கரியாகிப் போகும். நீங்களும் அதையே அழகென்று எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் கான்ட்ராஸ்ட்டை இன்னும் இழுத்துவிடுகிறீர்கள். முகம் போய்ச் சிலை வருகிறது. அப்படிச் செய்யாதீர்கள். தூள் படாத கழுத்தோரத்தில் ஸ்பாட் மீட்டரை வையுங்கள். நம் ஊர்த் தோல் நிறத்துக்கு அது சொல்லும் அளவு ஏறத்தாழச் சரியாகவே இருக்கும். தூள் வெளுத்துப் போகிறதா என்று ஹிஸ்டோகிராமில் ஒரு கண் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது தரை. கடற்கரையிலும் சிமென்ட் தளத்திலும் வெளிச்சம் கீழிருந்து எழும்பி முகத்தின் நிழலைக் குறைக்கும். கரிசல் மண் வெளிச்சத்தைக் குடித்துவிடும், திருப்பித் தராது. வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் உச்சி வெயிலில் ஒருவரை நிறுத்தினால் நெற்றி எரியும், கண் இருண்டு போகும். வேப்பமர நிழலின் ஓரத்தில் உட்காரவைத்து, மடி உயரத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் கண்ணில் உயிர் வரும். வேட்டியைப் பிடிக்க அவர் வீட்டுப் பிள்ளையையே கூப்பிடுங்கள். பிள்ளை அதைத் தாறுமாறாகப் பிடிக்கும்; அதட்டுகிற சாக்கில் அம்மாவின் முகம் இறுக்கம் தளர்ந்து இயல்புக்கு வந்துவிடும்.

பின்னணி வேண்டாம், வெள்ளைத் திரை கட்டி எடுக்கலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளிகளையும் எண்ணெய்க் கிணற்று ஆட்களையும் வெள்ளைக் காகிதத்தின் முன் நிறுத்தி எடுத்தார். கரி படிந்த உடம்பு, பின்னால் வெற்று வெள்ளை. கொண்டாடுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் அரை மனசுதான். ஊரும் தெருவும் போய்விடுகிறது; ஆளைத் தனியே கத்தரித்து மேஜையில் வைத்தது போல ஆகிவிடுகிறது.

முரணை வெளியே போய்த் தேட வேண்டாம், உடம்பிலேயே இருக்கிறது. பவுடர் வேலைக்குப் போகிற பெண்கள் பலரும் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். நைலான் ஆகாது, பருத்திதான் வேண்டும். துணி உரசி வரும் நிலைமின்சாரத்தின் ஒரு பொறி போதும், அறையே போய்விடும். அந்தச் சட்டை அநேகமாகப் புருஷனுடையது. சில வீடுகளில் மகன் காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை. காலருக்கு மேலே கனகாம்பரம். லேபிள் குழந்தை இல்லாமலே சட்டையும் பூவும் ஒரு வீட்டைச் சொல்லிவிடும். இது யார் சட்டை அக்கா என்று கேளுங்கள். சிலர் சிரிப்பார்கள், சிலருக்கு அந்தச் சட்டைக்காரர் இப்போது இருக்கமாட்டார். கேட்டுவிட்டு உடனே ஷட்டரை அழுத்தாதீர்கள். பதிலைக் கேளுங்கள், பிறகு எடுக்கலாம்.

பங்குனியில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு வாருங்கள். தீச்சட்டி எடுத்து வருகிற கூட்டத்தில் பட்டாசாபீசுக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். வருடமெல்லாம் தீக்குச்சி என்றால் விலகி நிற்க வேண்டிய வேலை அவர்களுக்கு. அன்றைக்கு எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி, வேப்பிலையோடு, மஞ்சள் சேலையில் நடந்து வருகிறார்கள். நேர்த்திக்கடன். நெருப்புக்குப் பயந்தவரா, நெருப்போடு பழகியவரா? இதை ஒரு படத்தில் அடக்கப் பார்த்தால் வேஷம் போலத் தெரியும். இரண்டு படமாக எடுங்கள். ஒரே ஆள், ஒரே லென்ஸ், கேமரா ஒரே உயரத்தில், அதே தூரத்தில். ஒன்று பங்குனியில், இன்னொன்று ஐப்பசிக்கு முன் வேலைச் சட்டையோடு. மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால்தான் மாறியது எதுவோ அது கண்ணில் படும். இரண்டையும் அருகருகே வைக்கையில் எது இடப்பக்கம் என்பதை யோசியுங்கள். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள். வலப்பக்கம் வைப்பதுதான் முடிவு போல மனசில் தங்கும்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. சலம் பென்னூர்கர் எடுத்த குட்டி ஜப்பானின் குழந்தைகள் ஆவணப்படம் 1990-ல் வந்தது. சிவகாசிச் சிறுவர் உழைப்புக்கு எதிராக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் காலத்துப் படத்தையே இன்னொரு தடவை எடுத்துவிட ஆசைப்பட்டுச் சின்ன முகங்களைத் தேடி அலைகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். நிஜமாகவே ஒரு பிள்ளையை வேலையில் கண்டால் கேமராவைப் பையில் வைத்துவிட்டு 1098-க்கு ஃபோன் செய்யுங்கள். போர்ட்ரெய்ட்டுக்கு வேறு முகம் கிடைக்கும்.

தீக்காயம் பட்டவர்களிடமும் அதே நிதானம் வேண்டும். கல்யாண ஃபோட்டோவைக் கையில் கொடுத்து, தழும்பு முகத்தோடு நிற்கவைத்து எடுக்கிற படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அவராக எடுத்துவந்து காட்டினால் அது வேறு. எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். தழும்புப் பக்கத்தையே நேராகக் காட்டுகிறவர்களும் உண்டு; அப்போது ஜன்னல் வெளிச்சம் போதும், ஒற்றை விளக்கை ஓரமாக வைத்து மேடு பள்ளத்தைத் துருத்திக் காட்ட வேண்டிய அவசியமில்லை.

எங்களைப் போன்ற ஸ்டுடியோக்களில் நீங்கள் சிரிக்கிற ஒரு முரண் உண்டு. போனஸ் வாங்கின கையோடு குடும்பமாக வருவார்கள். பின்னால் தாஜ்மகால் திரை வேண்டும் என்பார்கள், இல்லாவிட்டால் சுவிட்சர்லாந்துப் பனிமலை. வெம்பக்கோட்டைக் குடும்பம், சுவிட்சர்லாந்து மலை. உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மலை அவர்களே பார்த்துப் பொறுக்கி எடுத்தது. இதன் முன்னால் என்னை நிறுத்து என்று சொல்லிக் காசு கொடுத்து வாங்கிய இடம். உங்கள் பட்டாசுப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி அவர்களில் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு காரியத்துக்கும் எங்களிடம் வருகிறார்கள். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டிப் பட்டாசாபீஸ் வெடிவிபத்தில் 40 பேர் அளவில் போனார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். இடையிலும் பின்னாலும் எத்தனையோ. எந்த விபத்தானாலும் மறுநாள் பேப்பரில் இடிந்து கிடக்கும் அறைகளின் படம் பெரிதாக வரும், அதன் அடியில் தபால்தலை அளவில் முகங்கள். ஆதார் அட்டையிலிருந்தோ வாக்காளர் அட்டையிலிருந்தோ எடுத்தவை. மாலை போட ஒரு படம் கேட்டு வீட்டார் எங்களிடம் கொண்டுவருவதும் அதே அட்டையைத்தான். இல்லாவிட்டால் யார் கல்யாணத்திலோ எடுத்த குரூப் ஃபோட்டோ, மூன்றாவது வரிசையில் பாதி மறைந்த தலை. அதை வெட்டி, பெரிதாக்கி, வேறு யாருடைய பட்டுச்சேலைக் கழுத்துக்கு மேலோ பொருத்திக் கொடுக்கிறோம். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸிலும் அதுவே. நாட்டுக்கே முகம் அச்சடித்துத் தருகிற ஊர் இது, வருடா வருடம் கேமராக்கள் வந்து இறங்குகிற ஊர். இங்கே வேலை செய்கிறவருக்குச் சுவரில் மாட்ட ஒழுங்கான சொந்தப் படம் ஒன்று இருப்பதில்லை. நீங்கள் தேடி வந்த முரண் இதைவிடப் பெரிதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் வராதீர்கள். ஆபீசுகளில் வேலை ஓய்ந்திருக்கும், கடைக்கூட்டம்தான் மிஞ்சும். கொஞ்ச நாள் முன்னால் வாருங்கள், முடிந்தால் ஆடியிலேயே. மருந்து அறைக்குள் விடச் சொல்லி ஃபோர்மேனை நச்சரிக்க வேண்டாம். செல்போனுக்கே அனுமதி இல்லாத இடம் அது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று விதி இருக்கிறது. உள்ளே போனால் நீங்கள் கூடுதல் ஆள், ஓட வேண்டி வந்தால் குறுக்கே நிற்கிற ஆளும் நீங்கள்தான். விடிகாலையில் ஆபீஸ் வண்டி ஏறுகிற முக்கும், சாயங்காலம் இறங்குகிற முக்கும், ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலும் உங்களுக்குப் போதும். பவுடரைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று நீங்கள் படம் எடுக்கப்போகிறவர் சொன்னால் காத்திருங்கள். வெளிச்சம் போய்விடும் என்று பதறாதீர்கள், நாளைக்கும் வரும்.

போட்டிக்கு எதை வேண்டுமானாலும் அனுப்புங்கள். அவருக்கென்று ஒரு படம் தனியாக எடுங்கள்: அவருக்குப் பிடித்த சேலையில், அவர் காட்டுகிற சுவரின் முன்னால். பின்னால் அனுப்புகிறேன் என்று நம்பர் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். எட்டுக்குப் பத்து அளவில், மேட் பேப்பரில் போடுங்கள். அச்சு ஊரில் பிரிண்டுக்கா பஞ்சம்? காலையில் ஃபைலைக் கொடுத்தால் மத்தியானம் கையில் வாங்கிவிடலாம். ராத்திரி ரயிலுக்கு முன்னால் வீட்டில் கொடுத்துவிட்டு, அவர்கள் தருகிற காப்பியையும் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

அன்புடன்,
சிவகாசிப் பக்கத்து ஸ்டுடியோக்காரன்